கடல் நீச்சல் பந்தயமும் நம் பிள்ளைகளும்

மும்பைத் துறைமுகத்தின் வாயிலில் சங்க் ராக் என்று ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அங்கிருந்து கேட்வே ஆஃப் இந்தியா வரை கடல் வழியே சுமார் 5 கிலோமீட்டர். மழைக்காலம் ஓய்ந்து குளிர் தலைகாட்டும் மாதங்களில் இந்த 5 கிலோமீட்டரை நீந்திக் கடக்கும் பந்தயம் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அதைவிட நீண்ட தூரம் போக விரும்புகிறவர்கள் எலிஃபெண்டாவிலிருந்து நீந்துவார்கள். இன்னும் துணிந்தவர்கள், தரம்தரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வருவார்கள். மாலையும் கழுத்துமாக, மெடலைக் கடித்தபடி ஒரு சிறுவனோ சிறுமியோ நிற்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். செம்பூரிலும் மாதுங்காவிலும் முலுண்டிலும் நம் தமிழ்க் குடும்பங்களில் அந்தப் படம் கைக்குக் கை மாறும். "நம்ம பையனும் நாலு வருஷமா குளத்துல நீந்துறானே, அவனையும் போடலாமா மாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் ஆண்டுக்கு நாலைந்து பேராவது உண்டு.

என்னிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. துறைமுகத்தின் கடல்சார் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, இத்தகைய நீச்சல்களின்போது கூடவே போகும் படகில் பார்வையாளராகப் பலமுறை போயிருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. நீச்சல் வீரனும் அல்ல. ஆனால் படகில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குச் சில விஷயங்கள் தெரியும். அவற்றை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் நம் சங்க இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடல் நீச்சல் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நம்மவர்களுக்கு இதில் ஒரு பரம்பரையே இருக்கிறது. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, கரையில் தங்காமல் திரும்பவும் தலைமன்னாருக்கே நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம்! நம் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-ல் ஒரே ஆண்டில் ஆறு கால்வாய்களையும் நீரிணைகளையும் கடந்து, 1966-ல் ஐந்து கடந்திருந்த மிகிர் சென்னின் சாதனையைத் தாண்டினான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று. அன்று கைதட்டாத தமிழர் வீடு உண்டா? ஆனால் அதே ஆழிக்குமரன் ஆனந்தன் 1984 ஆகஸ்டு மாதம் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார் என்பதையும் சேர்த்துத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவரைவிடக் கடலை அறிந்தவர், அவரைவிட மன உறுதி கொண்டவர் நம்மில் யார்?

கடல் என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி சுறாவைப் பற்றித்தான். நான் போன படகுகளிலிருந்து ஒரு சுறாவையும் பார்த்ததில்லை. நான் பார்த்த ஆபத்துகளுக்குப் பல் இல்லை.

குளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் குளிரா என்று சிரிக்காதீர்கள். ஜனவரியில் இங்கே கடல் நீர் 24, 25 டிகிரி இருக்கும். காற்றில் அது சுகமான வெப்பம். ஆனால் தண்ணீர், அசையாத காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சும். ஒல்லியான குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், கொழுப்பும் குறைவு. ஒரு மணி நேரம் தாங்கும் குழந்தை நாலு மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு வயதுப் பையன். நம் ஊர்க்காரர் ஒருவரின் மகன். நீண்ட தூர நீச்சல். விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். படகில் அப்பா, பயிற்சியாளர், நான், படகோட்டி. படகோட்டி உரணைச் சேர்ந்த கோலி மீனவர். அரை மணிக்கு ஒருமுறை நீண்ட கழியில் கட்டிய கிண்ணத்தில் குளுக்கோஸ் தண்ணீர் நீட்டுவார்கள். அவன் அதைக் குடித்துவிட்டு மறுபடி நீந்துவான். படகைத் தொடக் கூடாது; யாரும் அவனைத் தொடக் கூடாது; தொட்டால் நீச்சல் செல்லாது. இதுதான் விதி.

கை வீச்சை எண்ணுவது என் வேலை. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 64. மூன்றாம் மணியில் 58. நாலாம் மணி முடியும்போது 47. கிண்ணத்தை நீட்டியபோது அவன் கை அதைத் தவறவிட்டது. "எப்படிடா இருக்கு?" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில், குடித்தவன் பேச்சுப் போலக் குழறியது. அப்பா படகின் விளிம்பில் குனிந்து, "இன்னும் ஒரு மணி நேரந்தான் கண்ணா, கேட்வே தெரியுது பாரு" என்கிறார். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கரையில் பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் நிறுத்தச் சொன்னேன். "நீங்க பார்வையாளர்தானே சார்" என்றார் பயிற்சியாளர்.

அப்போது படகோட்டி எஞ்சினை அணைத்தார். "பஸ் ஜாலா, சாஹேப்" என்றார். போதும் என்று பொருள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, பையனைத் தூக்கிவிட்டார். பையன் நடுங்கக்கூட இல்லை. உடம்புச் சூடு மிகவும் தாழ்ந்துவிட்டால் நடுக்கமும் நின்றுவிடும் என்பதை ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். இரண்டு நாளில் பையன் தேறிவிட்டான். அவனுடைய அப்பா ஓராண்டு என்னோடு பேசவில்லை. அது வேறு கதை.

நான் இதில் கவனித்தது ஒன்றுதான். அந்தப் படகில் இருந்தவர்களில் பையனை அதிகம் நேசித்தவர் அவன் அப்பா. ஆனால் அவன் நிலையைச் சரியாகப் பார்த்தவர், அந்த நீச்சல் முடிந்தாலும் முடியாவிட்டாலும் தனக்கு லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு மீனவர். ஆங்கிலக் கால்வாய் நீச்சலில் படகை ஓட்டும் பைலட் 'போதும்' என்றால் நீச்சல் அங்கேயே முடிந்தது; மேல்முறையீடு கிடையாது. அந்த அதிகாரத்தை நம் கடலிலும் யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டும். பதில் 'அப்பா' என்றோ 'கோச்' என்றோ இருந்தால் நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

குளிருக்கு நேர் எதிரான ஆபத்து சூடு. இது நம்மவர்களுக்கு இன்னும் வியப்பாக இருக்கும். தண்ணீருக்குள் இருப்பவனுக்கு எப்படிச் சூடு ஏறும்? கரையில் ஓடுகிறவனுக்கு வியர்வை ஆவியாகி உடம்பு குளிரும். தண்ணீரில் வியர்வை ஆவியாக வழியில்லை. நீரே வெதுவெதுப்பாக இருந்தால், உழைக்கும் தசைகளின் சூடு வெளியே போக இடமில்லாமல் உள்ளேயே தங்கும். தலைக்கு மேலே வெயில் வேறு.

2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு நாடுகளில் உள்ள ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. ஃப்ரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர், வயது 26, உலகத் தரத்தில் முன்னணியில் இருந்தவர், அதில் கலந்துகொண்டார். நீரின் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருந்தது. நடுவில் தமக்கு உடம்பு சரியில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். பந்தயம் முடிந்து மற்றவர்கள் கரையேறிய பிறகு, அவர் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தது அமைப்பாளர்கள் அல்ல, சக வீரர்கள்! களைத்துப் போயிருந்த அவர்களே மறுபடி நீரில் இறங்கித் தேடினார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் அவர் உடல் கிடைத்தது. அதே பந்தயத்தில் வேறு சிலரும் வெப்பத்தால் சோர்ந்து சிகிச்சை பெற்றார்கள்.

அன்றுவரை நீர் எவ்வளவு குளிராக இருக்கலாம் என்பதற்கு விதி இருந்தது. எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பதற்கு விதி இல்லை. கிரிப்பனின் மறைவுக்குப் பிறகுதான் 31 டிகிரிக்கு மேல் பந்தயம் கூடாது என்று சர்வதேச நீச்சல் சம்மேளனம் வரம்பு வைத்தது. ஃபினா என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த அமைப்பு இப்போது வேர்ல்ட் அக்வாடிக்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. கீழ் வரம்பு 16 டிகிரி. 31 டிகிரி என்பதே அதிகம் என்று வாதிடும் பயிற்சியாளர்கள் உண்டு. நம் கடல்களைப் பொறுத்தவரை எனக்கும் அதே அபிப்பிராயம்தான். பாக் நீரிணையில் நீந்துவோர் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கடல் அமைதியாக இருக்கும் என்பதால். அப்போது நீரும் நன்றாகச் சூடேறியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். தெர்மாமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். நீரில் அதை இறக்கிப் பார்த்து அளவைப் பலகையில் எழுதி வைக்கும் பந்தயங்களை நம் நாட்டில் விரல் விட்டு எண்ணலாம்.

இனி, எனக்குப் பழக்கமான விஷயம்: ஓதம். மும்பையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதங்களில் கடல் மட்டம் சில நாட்களில் ஐந்து மீட்டர் வரை ஏறும். ஆறு மணி நேரம் ஏறும். ஆறு மணி நேரம் இறங்கும். இங்குள்ள மீனவர்கள் பர்த்தி, ஓஹோட்டி என்பார்கள். ஏறும் ஓதம் துறைமுகத்துக்குள் பாயும். அதன் மேல் ஏறிக்கொண்டால் சங்க் ராக்கிலிருந்து கேட்வே வருவது எளிது. திரும்பி இறங்கத் தொடங்கிவிட்டால் நீரோட்டம் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் எதிரே தள்ளும். நடுத்தரமான நீச்சல்காரனின் வேகமே மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான்! கையை எவ்வளவு வீசினாலும் நின்ற இடத்திலேயே நிற்பான். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். கடல் நீச்சலுக்கு மட்டும் அவற்றை ஒட்டிய நாட்கள்தான் நல்ல நாட்கள்; சிறிய ஓதம்.

ஒரு பந்தயத்தில், சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் கொடியசைப்பதும் ஒன்றே கால் மணி நேரம் தாமதமானது. பேச்சு வேறு. கடைசிப் பிரிவுக் குழந்தைகள் நீரில் குதித்தபோது ஓதத்தின் வேகம் அடங்கிவிட்டது. அரை வழி வருவதற்குள் திரும்பியும் விட்டது. ஏறக்குறைய பாதிப் பேரைப் படகுகளில் அள்ளிக்கொண்டு வந்தோம். விருந்தினருக்காகக் காத்திருக்கலாம், சந்திரன் காத்திருக்குமா?

குளத்தில் நன்றாக நீந்தும் பிள்ளைக்குக் கடலில் முதலில் திகைப்பூட்டுவது, அடியில் கறுப்புக் கோடு இல்லாததுதான். மும்பைத் துறைமுக நீரில் தன் கையே தனக்குத் தெரியாது. நூறு பேர் ஒரே நேரத்தில் குதிக்கும்போது முகத்தில் உதை விழும், கண்ணாடி கழன்றுபோகும், வாயில் உப்பு நீர் ஏறும். மூச்சு முட்டிப் பதற்றம் வருவது இந்த முதல் சில நிமிடங்களில்தான். அப்போது மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்தய நாளுக்கு முன் நாலைந்து முறையாவது, துணையோடு, கடலில் நீந்திப் பழகாத பிள்ளையைப் போட்டியில் விடுவது சரியல்ல.

இங்கே பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது நாற்பது வயதைத் தாண்டிய நம் இளைஞர்கள் பலர், ஆம், எனக்கு அவர்கள் இளைஞர்கள்தான், டிரையத்லான் என்ற மூன்று விளையாட்டுப் போட்டியில் இறங்குகிறார்கள். அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை இத்தகைய போட்டிகளில் கலந்துகொண்ட 9,59,214 பேரை ஆராய்ந்தார்கள். இறந்தவர்கள் 14 பேர். அதில் 13 பேர் இறந்தது நீச்சலின்போது! சைக்கிளிலோ ஓட்டத்திலோ மூச்சு வாங்கினால் ஓரமாக நின்றுவிடலாம். நீரில் நிற்க ஓரம் ஏது? வெளியே தெரியாத இதயக் கோளாறு இருந்தால், பதற்றமும் திடீர்க் குளிர்ச்சியும் கடும் உழைப்பும் ஒன்று சேரும்போது இதயத் துடிப்பு தடுமாறும். சிலருக்கு நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. தண்ணீரைக் குடித்ததால் அல்ல, உடம்பின் சொந்த நீரே நுரையீரலுக்குள் கசிவது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். இருமல், இளைப்பு, நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி வந்தால் சமாளிக்கலாம் என்று நினைக்காமல் உடனே படகில் ஏறிவிட வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், டாக்டரின் கையெழுத்து வெறும் படிவத்துக்காக இருக்கக் கூடாது. இசிஜி, தேவைப்பட்டால் எக்கோ, எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மூழ்குகிறவன் கையை ஆட்டிக் கூச்சல் போடுவான் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். உண்மையில் மூழ்குபவர்களால் பெரும்பாலும் கத்த முடியாது. மூச்சு விடவே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவேதான் தலைகளை எண்ண வேண்டும் என்கிறோம். எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் பாதியில் படகில் ஏற்றப்பட்டார்கள்: இந்த மூன்று எண்களும் ஒரே ஆளின் நோட்டில் இருக்க வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் தொப்பியும், இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் காற்றடைத்த மிதவையும் இருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கறுப்புத் தொப்பி அழகாக இருக்கும், அலையில் தெரியாது.

படகே ஆபத்தாவதும் உண்டு. நம் துறைமுகத்தில் எலிஃபெண்டா லாஞ்சுகள், மாண்ட்வா படகுகள், சரக்குக் கப்பல்கள், கடற்படைக் கலங்கள் என்று ஓயாத போக்குவரத்து. 2024 டிசம்பர் 18 அன்று, பட்டப்பகலில், எலிஃபெண்டா போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' பயணிப் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி 15 பேர் மாண்டது நினைவிருக்கும். அவ்வளவு பெரிய படகுக்கே அந்தக் கதி என்றால் நீருக்கு மேலே தெரியும் ஒரு தலைக்கு? பந்தயப் பாதையைத் துறைமுக அதிகாரிகளிடம் சொல்லி மூடச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நீந்துபவரின் பக்கத்தில் எஞ்சின் இல்லாத கயாக் ஓடம் போவது நல்லது. விசிறியால் காயம் வராது.

நீரின் சுத்தத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கே மூக்கு இருக்கிறது. குளிப்பதற்கும் நீச்சலுக்கும் உகந்த கடல் நீரில், 100 மில்லி லிட்டரில் மலக் கிருமிகளின் எண்ணிக்கை 100-க்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். மும்பைக் கரையோரத்தில் பல இடங்கள் இதைத் தாண்டியே இருக்கின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 30 அன்று நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லானை, மழைக்குப் பின் ஸேன் நதி நீர் கெட்டுவிட்டது என்று ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். ஒலிம்பிக்கையே தள்ளி வைக்கலாம் என்றால் நம்முடையதையும் வைக்கலாம். மழை பெய்த இரண்டு மூன்று நாட்களுக்குக் கடலில் இறங்காதிருப்பதே மேல். வீட்டுக்கு வந்த பின் வயிற்றுப்போக்கு, காதுவலி வந்தால் டாக்டரிடம் கடலில் நீந்தியதைச் சொல்லுங்கள். ஆறு ஏரிகளில் நீந்தியவர்களுக்கு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக் காய்ச்சலா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1998-ல் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஏரியில் டிரையத்லான் நீந்தியவர்களிடையே அந்த நோய் பரவியது.

ஜெல்லி மீன் என்கிற சொறி பட்டால் மணலை எடுத்துத் தேய்ப்பது நம் வழக்கம். தேய்க்கவே கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை மெல்ல எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டால் வலி தணியும். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிதான்.

கரையேறும் கட்டத்தையும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் நீரில் படுத்திருந்த உடம்பை நீரின் அழுத்தம் தாங்கிக்கொண்டிருக்கும். திடீரென எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். கேட்வேயின் பாசி படிந்த படிகளில், தள்ளாடும் குழந்தையை நிற்க வைத்து மாலை போட்டு, நாலு போட்டோ எடுத்து, அப்புறம்தான் துண்டு தருகிறார்கள். முதலில் படுக்க வைத்துத் துடைத்து, உலர்ந்த உடை மாற்றி, கம்பளி போர்த்தி, வெதுவெதுப்பான பாலோ ஹார்லிக்ஸோ கொடுங்கள். போட்டோ அரை மணி கழித்து எடுத்தாலும் அதே முகந்தான்.

வயது விஷயத்தில் பெற்றோர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சர்வதேசத் திறந்தவெளி நீச்சலில் குறைந்தபட்ச வயது 14. ஆங்கிலக் கால்வாய்க்கு இப்போது 16. நம் ஊரில் ஏழு வயது, எட்டு வயதுக் குழந்தைகளைச் சாதனைப் புத்தகங்களுக்காக நடுக்கடலில் இறக்குகிறார்கள். எட்டு வயதுக் குழந்தை, "முடியலப்பா" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுமா? அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "முடியும்" என்றுதான் சொல்லும்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். பதினைந்து வயது. இரண்டு ஆண்டுகளாகக் கடலில் பழகி, இந்தக் குளிர்காலத்தில் 5 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். கூட வரும் படகில் யார் என்று பேச்சு வந்தது. அவள் அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "நீங்களே போங்க மாமா. எப்ப தூக்கணும்னு உங்களுக்குத் தோணுதோ அப்பத் தூக்கிடுங்க, என்னைக் கேக்க வேண்டாம். நான் பிளாஸ்கோட கேட்வேல நிக்கிறேன்" என்றார். படகோட்டியாக அந்த உரண் மீனவரையே பேசியிருக்கிறேன்.